தெருவைச் சட்டைப்பையில் வைத்திருந்தவர்

"கொஞ்சம் குனிங்க சார்" என்றார் இளவரசு. குனிந்தேன். என் உச்சந்தலையை ஒரு நொடி பார்த்தார். "நீங்கதான். மளிகைக் கடையில கொடைய மாத்தி எடுத்துட்டுப் போனது நீங்கதான். வீட்ல போய்ப் பாருங்க, பிடியில பச்ச நூல் சுத்தியிருக்கும்." வீட்டுக்குப் போய்க் குடையைப் பார்த்தேன். பச்சை நூல் சுற்றியிருந்தது.

முகத்தைப் பார்த்தால் அவருக்கு ஆள் பிடிபடுவதில்லை. கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவர் அவர். மேலிருந்து எடுத்த படங்களையே வருடக்கணக்கில் பார்த்துப் பழகியதில், சிதம்பரத்தில் பாதிப் பேரைச் சுழி, வழுக்கை, வகிடு, நடை ஆகியவற்றால்தான் தெரிந்துவைத்திருக்கிறார். எதிரே வந்து வணக்கம் சொல்கிறவர் யாரென்று தெரியாமல் திகைப்பார். வந்தவர் கடந்துபோன பிறகு முதுகைப் பார்த்து, "அட, நம்ம பாத்திரக்கடைக்காரரு" என்பார். இதனால் இளவரசுக்குத் திமிர் ஜாஸ்தி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. நாற்பதைத் தாண்டியவர். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் சாலையில், ஜெராக்ஸ் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது அவருடைய கடை. முதலில் கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்தார். பிறகு மொட்டை மாடிகளில் டிஷ் மாட்டினார். இப்போது கேமரா. "முன்னல்லாம் ஜனங்க டிவில ஊரு ஒலகத்தப் பாத்தாங்க. இப்ப அவுங்க வாசல அவுங்களே ஒக்காந்து பாத்துக்கறாங்க சார்" என்று சிரிப்பார். சிரிக்கும்போதும் கண் கைபேசியில்தான் இருக்கும்.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்திருப்பார். பல்லுக்கு அல்ல. இருட்டினால் கேமராவுக்குள் சிறு சிவப்பு வெளிச்சம் எரியும். அதைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். மறுநாள் கண்ணாடி முழுக்க வலை. திருடனைவிடச் சிலந்திதான் தன் தொழிலுக்குப் பெரிய எதிரி என்பது அவர் கட்சி. தெருவில் நடந்து போகும்போதே நின்று, யாருடைய கேமராவாக இருந்தாலும் எக்கித் துடைத்துவிட்டுத்தான் நகர்வார். "நான் போட்ட கேமரா கண்ண மூடக் கூடாது சார்." இதை அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று கேட்காதீர்கள்.

கேமரா மாட்டி முடித்ததும், "பாஸ்வேர்டு நீங்களே போட்டுக்குங்க, என்கிட்ட சொல்லாதீங்க" என்று கைபேசியை வீட்டுக்காரரிடம் நீட்டிவிட்டு அவர் திரும்பி நிற்பார். அது முறை. எங்கள் ஊர் முறை வேறு. வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடுவார், எழுத்தைத் தேடுவார், கடைசியில் "நீயே எதுனா போட்டு வெச்சுக்கப்பா, நீ என்ன வேத்து ஆளா" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இளவரசு தன் குலசாமி பெயரைப் போடுவார். இப்படியே வீடு வீடாக, கடை கடையாக, ஒரே சாமி பெயரில் தெரு முழுக்கப் பூட்டியாயிற்று. எல்லாப் பூட்டுக்கும் சாவி அவர் சட்டைப்பையில்.

அதனால் தெருவில் எது தொலைந்தாலும் போன் அவருக்குத்தான். கோயில் வாசலில் விட்ட செருப்பு, பள்ளிக்கூட வேனை விட்டு இறங்காத பேரன், எதிர்வீட்டுக்காரர் கொட்டிய குப்பை. ஸ்டேஷனிலிருந்து ஏட்டு கூப்பிடும்போது மட்டும் எழுந்து நின்று பேசுவார். கடைக்காரர்கள் எல்லாரும் கேமரா வைத்தாக வேண்டும் என்று போலீஸ் சொன்ன வருஷத்தில்தான் அவருக்குத் தொழில் சூடு பிடித்தது. வர்த்தகர் சங்கம் மொத்தச் சாலைக்கும் அவரையே வைக்கச் சொன்னது. மருந்துக் கடைக்காரர் பாலகுமார்தான் சங்கத்துக்குச் செயலாளர். பதிவுப் பெட்டியும் அவர் கடையில்தான் இருந்தது.

கேமரா மேல் பழி வந்தால் மட்டும் இளவரசுக்குப் பொறுக்காது. குவைத்தில் இருக்கும் ஒருவர் இங்கே தன் வீட்டுக் கூடத்தில் கேமரா வைக்கச் சொல்லியிருந்தார். ஒரு மாதம் கழித்து, படம் தெரியவில்லை, நீ போட்டது டூப்ளிகேட் சரக்கு என்று அங்கிருந்து கத்தினார். இளவரசு போய்ப் பார்த்தார். வீட்டுக்காரம்மா கேமரா மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார். ரிப்பேர் என்று சொல்லிவிடுங்கள் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார். இவர் குவைத்துக்குப் போன் போட்டு, "கேமரா நல்லாத்தான் இருக்கு, துண்டு தொங்குது" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்டபோது, "அது அவுங்க குடும்ப விஷயம். என் பொருள் மேல தப்பு இல்ல, அவ்ளோதான்" என்றார். அன்று எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

அவரைக் கண்காணிப்பவர் அவர் மனைவி கனிமொழி. கைபேசியில் இவர் இருக்குமிடம் அவருக்குப் புள்ளியாகத் தெரியும். டீக்கடையில் இரண்டாவது வடையை எடுக்கும்போது போன் வரும். "வேல முடிஞ்சு போச்சா? டீக்கடையில நிக்கறீங்களே." இளவரசு வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். இதில் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "அக்கறதான சார்" என்பார்.

இதே அக்கறையில்தான் உறவுக்காரர் தேவநாதனுக்கும் ஓர் உதவி செய்தார். தேவநாதன் குறிஞ்சிப்பாடியில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர். இளவரசுவின் அக்காள் கணவருக்கு அண்ணன். அவருடைய தங்கை மகள் சுவேதா அம்மாவோடு சிதம்பரத்திலேயே இருந்து கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கம்மாபுரம் பக்கத்துக் காலனிப் பையன் சேரனுக்கும் பேச்சு இருப்பதாகக் காதில் விழுந்ததும், அவள் எங்கே போனாலும் தன் கைபேசியில் தெரிய வேண்டும் என்றார் தேவநாதன். இளவரசு அவள் கைபேசியில் அதைப் போட்டுக் கொடுத்தார். பக்கத்திலேயே நின்ற பெண், "சித்தப்பா, இத நானே எடுத்துட முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள். "முடியாதும்மா, பாஸ்வேர்டு மாமாகிட்ட இருக்கு" என்று இவர் சொல்லியிருக்கிறார். இதைப் பெருமையாகத்தான் என்னிடம் சொன்னார்.

போன ஆனியில் ஒரு காலை, என் வீட்டுக் கேமரா ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்று கேட்க அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். கார் ஒன்று வந்து நின்றது. தேவநாதன் இறங்கினார். கூட மூன்று பேர். அவர்கள் இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை.

"மச்சான், நம்ம சுவேதா வீட்ல இல்ல" என்றார் தேவநாதன். "வீட்லதான் இருக்குன்னு ஃபோன் காட்டுச்சு. காட்டுதேன்னு காபி குடிச்சிட்டு ஒக்காந்திருந்தோம். ஃபோன தலவாணிக்கு அடியில வெச்சுட்டுப் போயிருக்கு."

இளவரசு எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். தேவநாதன் உட்காரவில்லை.

"இந்த ரோடு பூரா ஒன் கேமராதான. விடிஞ்சதுலேந்து ஓட்டிப் பாரு. எந்த ஊரு பஸ்ஸுன்னு மட்டும் சொல்லு போதும். மீதிய நாங்க பாத்துக்கறோம்."

மீதி என்ன என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேட்பதில்லை. காலனிப் பையனோடு போன பெண்ணைத் தேடிக் காரில் கிளம்புகிறவர்கள் சமாதானம் பேசக் கிளம்புவதில்லை. போலீஸ் வந்து பதிவு கேட்டால்கூடக் கையெழுத்து, முத்திரை என்று ஏதோ உண்டு. உறவுக்காரருக்கு அதுவும் வேண்டாம்.

இளவரசு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கைபேசியை எடுத்தார். திரை எனக்குத் தெரிந்தது, தேவநாதனுக்குத் தெரியாது. சாலை ஓடியது. பால் வண்டி, பழக்கடைத் தார்ப்பாய், பூ விற்கிற அம்மாள். பஸ் ஸ்டாண்டை விட்டு வரும் பஸ்கள் எங்கள் வளைவில் ஒரு நிமிஷம் நின்று ஆள் ஏற்றும். அங்கே ஒரு பெண் தலை வந்தது. கோணல் வகிடு. தோளில் துணிப்பை. பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன். நான் யாரென்று அறியேன். ஆனால் ஓட்டிக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றுவிட்டது. கடலூர் பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். பஸ் போய் அதிக நேரம் ஆகியிருக்கவில்லை. காரை விரட்டினால் ஆலப்பாக்கத்துக்கு முன்னாலேயே மறித்துவிடலாம்.

"தெரியுதா?" என்றார் தேவநாதன்.

"தேடுறேன் மாமா."

பாலகுமார் கடையில் இருந்த அந்தப் பதிவுப் பெட்டியில் வேண்டாத ஒரு காட்சியை மட்டும் கிள்ளி எடுக்க வழியில்லை. அழித்தால் மொத்தச் சாலையும், அதில் இருக்கிற எல்லா நாளும் சேர்ந்து போகும். முந்தின வாரம் பாலகுமார் கடை வாசலில் திருட்டுப் போன பைக்கும் அதற்குள்தான் இருந்தது. போலீஸ் கேட்டிருந்தது, இவர் மறுநாள் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். கைபேசி, நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. இளவரசுவின் கட்டைவிரல் அழுத்தியது. மறுபடியும் கேட்டது. மறுபடியும் அழுத்தியது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் பயந்துபோனேன், அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

"பதிவே ஆவல மாமா" என்றார்.

"ஆவலன்னா? கண்ணே மூடாதுன்னு மாருல தட்டிக்குவியே?"

"டிஸ்க் போயிருக்கு."

"எப்ப போச்சு?"

"தெரியல. நான் போட்டதே பழைய டிஸ்க் மாமா. புதுசுன்னு சொல்லி மாட்டிட்டேன்."

இதைத் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கலாம். காரைப் பார்த்து அதற்குள் பாலகுமார் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். அவர் வந்ததைப் பார்த்த பிறகுதான் இளவரசு அதைச் சொன்னார். பாலகுமாருக்கு முகம் சுண்டிவிட்டது. தேவநாதன் அவரை இழுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பெட்டியையே பார்த்தார். ஒன்றுமில்லை. "பொறம்போக்கு சரக்க மாட்டிட்டு ஊர ஏமாத்தியிருக்கான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் கடலூருக்கு நேர் எதிராகத் தெற்கே, சீர்காழிப் பக்கம் போயிற்று.

சாயங்காலம் எல்லார் வாட்ஸப்பிலும் ஒரு படம் வந்தது. கடலூரில் போலீஸ் அதிகாரி அலுவலகத்தில் சுவேதாவும் சேரனும் மாலையும் கழுத்துமாகத் தஞ்சம் புகுந்திருந்தார்கள். இளவரசு படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, கடைசியில் என்னிடம் நீட்டினார். "நேரா எடுத்திருக்காங்க, எனக்குப் புடிபடல. அந்தப் பொண்ணுதானான்னு பாருங்க சார்." அந்தப் பெண்ணை நான் நேரில் பார்த்ததே இல்லை. கீழே போட்டிருந்த பெயரைப் படித்துச் சொன்னேன். "சரி" என்று கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஊர் அதிகம் பேசிற்று. பைக் பதிவு எங்கே என்று ஸ்டேஷனில் அவரைக் காலையிலிருந்து மாலை வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சங்கம் அவரை நீக்கியது. வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பாஸ்வேர்டை மாற்றினார்கள். எப்படி மாற்றுவது என்று அவரிடமே வந்து கேட்டார்கள், அவரும் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றார். அக்காள் வீட்டுக் காதுகுத்துக்கு அழைப்பு வரவில்லை. கனிமொழி மட்டும் இப்போது அவர் டீக்கடையில் இருக்கும்போது போன் போடுவதில்லை என்று கேள்வி.

போன வாரம் சங்கத்துக்குப் புதிய கேமரா மாட்டக் கடலூரிலிருந்து ஒருவர் வந்தார். இளவரசு கடைக்கு எதிர்க் கம்பத்தில் ஏணி சாத்தி ஏறினார். சாலை அங்கே சரிவு, ஏணி ஆடியது. டீயைக் குடித்துக்கொண்டிருந்த இளவரசு டம்ளரை வைத்துவிட்டுப் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஆங்கிள் சரியா இருக்கா? பஸ் நிக்கற எடம் வரைக்கும் வருது" என்று மேலிருந்து கேட்டார் புதியவர்.

இளவரசு ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி மற்றக் கையை உயர்த்தி, உள்ளங்கையைத் தரைப் பக்கம் திருப்பி, மெல்ல இறக்கிக் காட்டினார். கேமரா இறங்கியது. பஸ் வளைவு போயிற்று. மறுபடியும் கையை இறக்கினார். பூக்காரி உட்காரும் இடம் போயிற்று. கேமரா இப்போது மருந்துக் கடைக் கதவைப் பார்த்து நின்றது.

"போதுமாண்ணே?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.