மேசையில் தட்டிய விரல்

ஈப்போவில் மலிவுவிலை அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு ஹோட்டல் வேலை பழக்குகிறேன். அவர்களில் சுமதிக்கு வாய் ஓயாது. அவர்கள் பிளாட்டில் லிஃப்ட் பழுதாகி ஆளுக்கு ஆள் கத்தும்போதுகூட, "விடுங்கலா அண்ணே, நான் பாத்துக்கிறேன்லா" என்று சிரித்தே அடக்கிவிடுவாளாம்.

மலேசியப் பேச்சில் வால்போல ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’தான் எனக்கு உறுத்தியது. வரவேற்பு மேசையில் நிற்கப்போகிறவள் இப்படியா பேசுவது? அவள் ‘லா’ போடும்போதெல்லாம் மேசையில் விரலால் தட்டினேன். வகுப்பே சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

நேர்முகத் தேர்வுக்கு நானே அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேனேஜரும் தமிழர்தான்.

"கஸ்டமர் கோவமா கத்துனா என்னம்மா செய்வே?"

அவளுக்குத் தெரியாததா? வாயைத் திறந்தாள். மேசைமேல் இருந்த என் கையைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அடுத்த கேள்விகளுக்கும் அதே கதைதான்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பேசவே மாட்டேங்குதுலா, டீச்சர்."

வெளியே வந்ததும் சுமதி ஆவலாகக் கேட்டாள்: "அக்கா, ஒரு தடவகூட லா வரலதானே?"

"வரலம்மா" என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

அதன்பிறகு வகுப்பில் மேசைமேல் கை வைக்கவே எனக்குக் கூசுகிறது.