ஜன்னலிலிருந்து நாத்தனார் பால்கனி வரை

திரைச்சீலை தைத்து விற்கும் அவளுக்கு அமெச்சூர் வானொலி உரிமம் கிடைத்துவிட்டது. ஆனால் மொட்டை மாடியில் கம்பம் நட குடியிருப்போர் சங்கம் ஒப்பவில்லை. கம்பம் இல்லாமல், கம்பியின் நடுவில் இணைப்புக் கொடுக்கும் வழக்கமான ஆன்டெனாவுக்கு வழியில்லை. அவளிடம் இருந்தது மூன்றாம் மாடித் தையலறையின் ஒற்றை ஜன்னல்தான். சரி, நுனியிலேயே இணைப்புக் கொடுத்துவிடலாம் என்று முடிவுகட்டினாள். மறுநுனியைக் கட்ட, முற்றத்துக்கு அந்தப்பக்கம் குடியிருந்த நாத்தனாரின் பால்கனி இருந்தது.

நாத்தனார் கம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல துணி காயப் போடலாமா அண்ணி?"

"போட்டுடாதே. நான் பேசும்போது நுனியைத் தொட்டா கை பொசுங்கிடும்."

"அப்புறம் எனக்கென்ன லாபம்?"

"உன் அண்ணன் குறட்டையைத் தவிர வேற குரலும் கேக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிளாஸ்டிக் கட்டையை இடையில் வைத்துக் கம்பியை இறுகக் கட்டிக்கொடுத்தாள்.

முதல் முயற்சி சொதப்பியது. வானொலிப் பெட்டியின் கேபிளை நேரே கம்பியில் மாட்டிப் பேசினாள். மீட்டர் முள் எகிறியது. அனுப்பிய சக்தியில் பெரும்பகுதி போன வழியே திரும்பி வந்தது. அரை அலை நீளக் கம்பியின் நுனியில் மின்னழுத்தம் ஏகத்துக்கு இருக்கும், மின்னோட்டம் சொற்பம். கேபிளின் போக்கு அப்படியில்லை. நடுவே ஒரு மின்மாற்றி இல்லாமல் இரண்டுக்கும் ஒட்டாது.

அந்த மின்மாற்றியைச் செய்ய, ஃபெரைட் என்ற காந்தப்பொருளால் ஆன வளையம் ஒன்றை வாங்கி வந்து செப்புக் கம்பி சுற்றினாள். கேபிள் பக்கம் இரண்டு சுற்று, கம்பிப் பக்கம் பதினான்கு. முதலில் சுற்றியது தளர்ந்துபோக, பிரித்துவிட்டு மறுபடி சுற்றினாள். பிறகு, வேண்டுமென்றே நீளமாக விட்டிருந்த கம்பியை ஜன்னலோரம் நின்று கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினாள்.

"பாத்து அண்ணி, வெட்டினா ஒட்டாது," என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"திரை தைக்கிறவகிட்டயா சொல்றே?"

முள் இறங்கி அடியில் படுத்தது.

பிற்பகலில், உரிமத்தோடு கிடைத்த தன் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டாள். வெறும் இரைச்சல். மறுபடி கூப்பிட்டாள். இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் அவள் குறியை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னது. பெருங்கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு தீவிலிருந்து பேசினார். என்ன ஆன்டெனா என்று கேட்டார்.

"ஒரே ஒரு கம்பி. ஜன்னல்ல இருந்து போகுது," என்று அவருக்குப் புரியும் மொழியில் சொன்னாள்.

அவர் விடைபெற்றதுதான் தாமதம், கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களின் அழைப்புகள் அடுத்தடுத்து முண்டியடித்தன. யாருக்கு முதலில் பதில் சொல்வதென்று தெரியாமல் திணறினாள். படியேறி மூச்சு வாங்க வந்த நாத்தனார், துணி மூட்டையைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் உங்களையா கூப்பிடுறாங்க?"

"என்னைத்தான்," என்றாள் அவள், மைக்கை மீண்டும் அழுத்திக்கொண்டே.