ஸ்டாண்டர்டு மாவு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கேப்பைக் கூழ் அடிபிடித்துவிட்டது. கிளறிக்கொண்டிருந்தவர் என் கணவர். கரண்டியை விட்டுவிட்டுப் போய் கிரிக்கெட்டில் ஒரு ஓவர் பார்த்துவிட்டு வருவதற்குள் அடுப்படி முழுக்கப் புகை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு திருட்டு முழி முழித்தார். நானோ கண்ணை மூடிக்கொண்டு நன்றாக ஒரு மூச்சு இழுத்தேன். "உனக்கு என்ன ஆச்சு?" என்றார். என்ன ஆச்சு, சந்தோஷம்தான் ஆச்சு. கேப்பை கருகும் வாசனை மூக்கில் ஏறினால் எனக்குத் திண்டிவனம் வந்துவிடும்.

விழுப்புரத்தில் வேதியியல் படித்து முடித்த கையோடு திண்டிவனத்தில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். லேப் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கீழே மோட்டார் காயில் கட்டும் கடை, மேலே நாங்கள். கீழிருந்து வார்னிஷ் வாசனை ஏறும், மேலிருந்து எங்கள் புகை இறங்கும், படிக்கட்டில் இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளும். லேபை நடத்தியவர் அமலா மேடம். பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊரில் லேப் வைப்பேன் என்று வந்தவர். ஊழியர் படை மொத்தமும் நான்தான்.

எங்களிடம் வந்ததெல்லாம் போர் தண்ணீர், எண்ணெய், மகளிர் குழுக்கள் தயாரிக்கும் சத்துமாவு. மாவில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். நாலு காசு வாடகைக் கட்டடத்தில் நான் நாள் முழுக்கக் கேப்பை மாவைக் கருக்கிக்கொண்டிருப்பேன். பிறகு அந்தச் சாம்பலை அமிலத்தில் கரைத்து, கால்சியத்தைத் தனியாகப் பிரித்து, கடைசியில் பெர்மாங்கனேட் கரைசலைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த சொட்டு நிறம் மறைந்துகொண்டே வரும். ஒரு சொட்டில் மட்டும் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும்; அப்போது குழாயில் எந்தக் கோடோ, அதுதான் கால்சியத்தின் கணக்கு. கத்தரிப்பூவைத் தண்ணீரில் அலசியதுபோல ஒரு நிறம். அதைப் பார்க்கத்தான் நான் எம்.எஸ்ஸி. படித்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கும் மனுஷன். "மாவ எரிக்கறதுக்கா இம்மாம் படிப்பு?" என்பார். அவர் நிபந்தனை ஒன்றுதான்: லேப் ஓடுகிறவரை நான் அங்கே இருக்கலாம், படுத்துவிட்டால் மறு பேச்சில்லாமல் பி.எட். சேர வேண்டும். எனக்கு டீச்சர் வேலை என்றாலே ஆகாது. இப்போதும் நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

லேப் படுக்கும் நேரமும் வந்தது. அங்கீகாரச் சான்று இல்லாத லேபின் ரிப்போர்ட்டை இனி வாங்கமாட்டோம் என்று மாவு வாங்குகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சான்று வேண்டுமானால் ஆய்வுக்கு ஆள் வரும். வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் முடிவு சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" தராசு சரியா என்று பார்க்கப் படிக்கல் இருக்கிறதல்லவா, அதுபோல எங்கள் கைக்கும் ஒரு படிக்கல் வேண்டும். இன்ன அளவு கால்சியம் என்று முன்கூட்டியே தெரிந்த மாவு. தினமும் மற்ற மாவோடு சேர்த்து அதையும் எரித்து, வர வேண்டிய அளவு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர்தான் ஸ்டாண்டர்டு. வெளிநாட்டில் விற்றார்கள். விலையைக் கேட்டதும் மேடம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். "நாமளே செய்வோம்மா. மாறாம இருந்தா போதும்" என்றார்.

அப்படித்தான் செல்வி அக்கா வந்தார். திருவக்கரை போகும் வழியில் ஒரு காலனியில் மகளிர் குழுவுக்குத் தலைவி, சத்துமாவு போடுகிறவர். அந்தப் பெண்கள் ரேஷன் கடை வரிசையைக்கூட அதட்டி ஒழுங்குபடுத்துகிற ரகம். நல்ல கேப்பையாக வாங்கி, கல் பொறுக்கி, களத்தில் காயவைத்து, அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, நாங்கள் கொடுக்கும் சின்னச் சின்னப் புட்டிகளில் அடைத்துத் தர வேண்டும். அதுதான் ஏற்பாடு. எல்லாப் புட்டியும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று மேடம் விளக்கினார். "திருவக்கரைல மரம் கல்லாப் போயி கெடக்குதே, அதுமாதிரி இந்த மாவும் மாறவே கூடாது."

"கல்லு மாதிரி மாவா?" என்று அக்கா வாயில் கை வைத்தார். "அதை யாரு மேடம் துன்றது?"

மில்லுக்கு நானும் கூடப் போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர் காய்ந்த மிளகாயோடு நின்றார். செல்வி அக்கா உடனே மூட்டையைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். மில் நடத்துகிற பெண்மணியிடம், "எனக்கு முன்னாடி கேப்பைதான் அரைக்கணும். இல்லன்னா எம்மாம் நேரம் ஆனாலும் குந்திக்கினு இருப்பேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். உங்களுக்கும் தெரியுமே, மில்லுக்குப் போகும் எந்தப் பெண்ணும் முதலில் கேட்பது, "முன்னாடி என்ன அரைச்சீங்க?" என்றுதான். நான் கல்லூரியில் பக்கம் பக்கமாகப் படித்த கலப்படப் பாடம் அது. எங்கள் அம்மாவும் அதைத்தான் கேட்பார்.

முதல் நாள் பாதிப் புட்டிகள் நிறைந்தன. ஒரு அட்டைப்பெட்டி. மறுநாள் மீதி, இன்னொரு அட்டைப்பெட்டி. இரண்டும் லேபுக்கு வந்தன. நான் முதல் பெட்டியிலிருந்து எடுத்து எரித்தேன், ஒன்றுபோல வந்தது. குதிக்காத குறைதான். இரண்டாம் பெட்டியிலிருந்து எடுத்தேன். கால்சியம் எகிறியது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் எகிறியது. என் கையைச் சந்தேகப்பட்டேன், கரைசலைச் சந்தேகப்பட்டேன், கீழே காயில் கட்டுகிறவர்களின் புகையைக்கூடச் சந்தேகப்பட்டேன். மேடம் தாமே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "வர்ற வாரம் ஆள் வர்றாங்க. இதைக் காட்டினா லேபுக்குப் பூட்டுதான்மா" என்றார். என் கண் முன்னால் கண்டாச்சிபுரம் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பி.எட். வகுப்பில் நாற்பது ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை செல்வி அக்கா படியேறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தலையில் பூ வேறு.

"இன்னா பாப்பா, எங்க மாவு பாஸா? மார்க் ஏறியிருக்கணுமே?"

"எதுக்குக்கா ஏறணும்?"

குரலைத் தாழ்த்தினார். "மொத நாளு போனப்புறம்தான் மேடம் சொன்னது ஞாபகம் வந்துச்சி, கால்சியம் பாக்கப் போறாங்கன்னு. கால்சியம்னா பாலுதான்னு ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லிக்கினே இருப்பாங்க. ஆபீசரு வந்து பாக்கற மாவு, நம்ப ஊரு மாவு, ஃபெயில் ஆவலாமா? அதான் ரெண்டாம் நாளு மாவுல பால் பவுடர் பாக்கெட்டை எல்லாம் பிரிச்சி கொட்டிட்டோம். எங்க காசுதான், நீங்க ஒண்ணும் தர வேணாம்."

கீழே மோட்டார் ஒன்றைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு. எனக்கும் தொற்றிக்கொண்டது. நடந்தது தப்பு என்று முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்ட செல்வி அக்கா மட்டும் அழுகிற நிலையில் நின்றார்.

"அய்யய்யோ, கெடுத்துட்டனா மேடம்?"

"கெடுக்கல செல்வி. இந்த மாவு பாஸ் ஆகவே வேண்டாம். கம்மியா இருந்தாலும் சரி, ஜாஸ்தியா இருந்தாலும் சரி. எல்லாப் புட்டியும் ஒண்ணா இருக்கணும், அவ்ளோதான்."

"அவ்ளோதானா! அப்ப எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிக் கலந்துட்டா?"

மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். நாங்களும் அதைத்தான் செய்திருப்போம் என்று வையுங்கள், அக்கா முந்திக்கொண்டார்.

காற்றே வராத அறை எங்களிடம் ஒன்றுதான், தராசு வைத்திருக்கும் எடைபோடும் அறை. தராசு ஆடும் என்று அங்கே ஃபேனே போடமாட்டோம். தராசை மூடிவைத்துவிட்டு, தரையில் வெந்நீரில் துவைத்த வேட்டிகளை விரித்து, எல்லாப் புட்டிகளையும் திறந்து கொட்டினோம். குழுப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மேடு கட்டுவது, தட்டையாக்குவது, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை மாற்றிச் சேர்ப்பது, மறுபடி சலிப்பது. சித்திரை வெயில், ஃபேன் இல்லை. வியர்வை சொட்டி மாவில் உப்பு சேர்ந்துவிடக் கூடாது என்று எல்லாரும் நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டோம். அரை மணியில் இமைகூட வெளுத்துவிட்டது. "யம்மா, எங்க வூட்டுக்காரரு இப்ப பாத்தா பேய்னு ஓடிப் பூடுவாரு" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி, "தினம் பாக்கறவருக்கு இன்னா பயம்?" என்றாள். சிரித்தால் மாவு பறக்கிறது என்று மேடம் அதட்டுவார், அதட்டிக்கொண்டே அவரும் சிரிப்பார். அத்தனை சந்தோஷமாக நான் எந்த வேலையும் அதற்குப் பிறகு செய்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

மறுபடி அடைத்தோம், மறுபடி எரித்தேன். இந்தப் பெட்டி, அந்தப் பெட்டி, அடிப்புட்டி, மேல்புட்டி, எல்லாம் ஒன்றுபோல.

ஆய்வுக்கு வந்தவர் சென்னையிலிருந்து ஒரு அம்மா. வெள்ளைப் பருத்திப் புடவை, வாயே திறக்காத ரகம். எல்லா அறையும் பார்த்துவிட்டு எடைபோடும் அறைக்கு வந்தார். வியர்த்து ஊற்றியது அவருக்கு. விருந்தாளி வியர்த்துக்கொண்டு நிற்பதை மேடத்தால் பொறுக்க முடியவில்லை. யாரும் தொடக்கூடாது என்று ஆயிரம் தடவை சொன்ன அதே மேடம், "இருங்க மேடம்" என்று ஃபேனைப் போட்டுவிட்டார். இறக்கைகளின் மேல் தங்கியிருந்த மாவெல்லாம் அந்த அம்மாவின் தலையில் இறங்கியது. அட்சதை போட்ட மாதிரி.

"என்ன இது?" என்றார் அவர்.

"எங்க ஸ்டாண்டர்டு மேடம்" என்றார் அமலா மேடம், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல்.

பால் பவுடர் கதை முழுவதையும் மேடம் ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மா தலையைத் தட்டிக்கொண்டே கேட்டார். இரண்டு பெட்டியிலும் தாமே கைவிட்டு பெட்டிக்கொரு புட்டி எடுத்தார். நான் எரித்து, கரைத்து, பெர்மாங்கனேட் விடும்போது தோளருகே நின்றார். நிறம் மறைந்தது, மறைந்தது, நின்றது. இரண்டாவது புட்டி. மறைந்தது, மறைந்தது, கிட்டத்தட்ட அதே கோட்டில் நின்றது. அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "லேபிளை மட்டும் மாத்துங்க. பால் பவுடர் சேர்ந்த கேப்பை மாவுன்னு உண்மையைப் போடுங்க" என்றார். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன். அப்பாவுக்குப் போன் பண்ணி, "லேப் ஓடுதுப்பா" என்றேன். "ஓடட்டும், ஓடட்டும்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததாக இன்றைக்கும் நம்புகிறேன்.

இப்போது லேப் விழுப்புரத்தில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருக்கிறது. கால்சியத்தை மெஷின் பார்க்கிறது, சொட்டும் இல்லை, சிவப்பும் இல்லை. ஸ்டாண்டர்டு கூரியரில் வருகிறது. எங்கள் மாவு சில வருஷம் உழைத்தது. ஸ்டாண்டர்டின் தலையெழுத்து அப்படி, சரிபார்க்கச் சரிபார்க்கத் தீர்ந்துகொண்டே போகும். கடைசிப் புட்டியின் கடைசிச் சிட்டிகையை எரித்த அன்று மனசு கேட்கவில்லை, செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"முடிஞ்சிடுச்சாம்மா? மின்னாடியே சொல்லியிருந்தா இன்னொரு மூட்டை களத்துல ஒணத்தி வெச்சிருப்பேனே!" என்றார். உடனே அவரே சிரித்தார். "எங்க ஒணத்துறது? களத்துமேல ரோடு போய்க்கினு இருக்கு. மில்லும் இல்ல. குழுவுல பாதிப் பேரு ஷூ கம்பெனிக்குப் போறோம்."

பின்னால் கேட்ட வண்டிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"கடைசி மாவும் ஒண்ணு போலவே வந்துச்சா பாப்பா?"

"வந்துச்சுக்கா. அப்படியே."

"வராம எங்க போவும்" என்றார். "சரி, வேன் வந்துடுச்சி, வெச்சிடறேன்."