எரிமலை அக்கா கேட்ட தேதி

எங்கள் அலுவலகத்தில் அவளை எல்லோரும் எரிமலை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆளைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். சுத்த வாயில்லாப் பூச்சி. பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம். காய்கறிக் கடைக்காரன் அழுகின தக்காளியாகப் பார்த்துப் பைக்குள் தள்ளுவான். இவளும் பார்த்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டு வருவாள்.

அப்புறம் எங்கிருந்து எரிமலை என்கிறீர்களா? நாங்கள் இருப்பது வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற கம்பெனியின் புகார்ப் பிரிவு. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி உண்டு. அதில் கோபக்கார வாடிக்கையாளராக நடிப்பது அக்காதான். "மெஷின் வாங்கி ஒரு மாசம் ஆகல, வீடெல்லாம் தண்ணி! என்னய்யா வியாபாரம் பண்றீங்க?" என்று மேஜையைத் தட்டினால் எதிரில் இருப்பவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மீசை முறுக்கின ஒரு ஆள் கழிவறைக்கு ஓடியவன், மதியம்தான் திரும்பினான். ஆட்டம் முடிந்ததும் அக்காவே தண்ணீர் கொடுத்துச் சொல்லித் தருவாள். "அவங்க பேசி முடிக்கட்டும். அப்புறம் மன்னிப்புக் கேளுங்க. ஆனா எப்ப சரியாகும்னு தேதி சொல்லலேன்னா நீங்க ஃபெயில்."

இவ்வளவும் சும்மா. சம்பளம் என்னவோ போன் எடுக்கிற வேலைக்குத்தான். மற்ற நேரமெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் திட்டை வாங்கிக் கட்டிக்கொள்வாள். பயிற்சியாளர் பதவி காலியாகக் கிடந்தது. அவளுக்கு அதன்மேல் உயிர்.

"அழுத பிள்ளைதான்க்கா பால் குடிக்கும். போய்க் கேளுங்க" என்று மேனேஜர் அறைக்குள் தள்ளிவிட்டேன். உள்ளே போன மகராசி, அவருடைய பழைய ஃபைல்களை அடுக்கித் தருகிற வேலையையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கேட்டீங்களா?"

"பாவம்டி, அவர் ரொம்ப பிஸியா இருந்தார்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த வாரமே அந்தப் பதவிக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அழைப்பே வராத போனைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த பயிற்சிக்குத் தலைமை அலுவலகம் ஒரு உத்தரவு போட்டது: மேனேஜர்களும் உட்கார வேண்டும். எங்கள் மேனேஜர் புது ஆட்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அவரும் ஒரு காலத்தில் அக்காவுக்கு எதிரில் வேர்த்து வழிந்தவர்தான்.

அக்கா வழக்கம்போல மேஜையைத் தட்டினாள். "எத்தனை தடவை சார் போன் பண்றது? வீடெல்லாம் தண்ணி!"

"உங்க கஷ்டம் புரியுதும்மா" என்றார் மேனேஜர், பாடம் ஒப்பிப்பது போல.

"என்ன புரியுது?" அக்காவின் குரல் ஒரு நொடி தடுமாறியது. பிறகு ஏறியது. "உங்களுக்கும் சேத்து இந்த ஆபீசுக்கே சொல்லிக் குடுத்தது நான். அந்தப் பதவிக்கு வெளியிலேர்ந்து ஆள் எடுக்கறீங்களே, நான் என்ன சார் கொறஞ்சு போயிட்டேன்?"

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேனேஜர் சுதாரித்துக்கொண்டார். "உங்க கோபம் நியாயமானது. நடந்ததுக்கு மன்னிச்சிக்கங்க. கூடிய சீக்கிரம் நல்ல முடிவா எடுக்கறோம்." எல்லாம் அக்கா சொல்லிக் கொடுத்த வார்த்தைகள். வளர்த்த கடா மார்பில் பாய்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அக்கா அவரையே பார்த்தாள்.

"ஃபெயில் சார். தேதி சொல்லல."

புது ஆட்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். மேனேஜர் முகம் சிவந்தது. நெற்றியைத் துடைத்தார். "ஒண்ணாம் தேதிலேர்ந்து நீங்கதான் பயிற்சியாளர்" என்றார்.

"பாஸ்" என்றாள் அக்கா. வெளியே வந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சேர்ந்தே காய்கறிக் கடைக்குப் போனோம். அவன் வழக்கம்போல அழுகின தக்காளியை எடுத்துப் பையில் போட்டான். இன்றைக்குத் தொலைந்தான் என்று அக்காவைப் பார்த்தேன்.

அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

"நீ கேளுடி" என்றாள் மெதுவாக. "என்ன பேசணும்னு நான் சொல்லித் தர்றேன்."