கடைசிச் சரணம் ஏறாத தட்டு

இன்று காலை ஆபீசில் தபால் உறைகளை அரக்கு உருக்கி மூடிக்கொண்டிருந்தேன். பியூன் கோணலாக வைப்பான் என்று இந்த வேலையை நானே செய்வது வழக்கம், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வாசனை எழுந்ததும் ராமநாதன் ஞாபகம் வந்துவிட்டது. கிராமபோன் தட்டும் அரக்கில் செய்ததுதான். புதுத் தட்டை மூக்கருகே வைத்துப் பாருங்கள், தெரியும்.

ராமநாதன் வங்காளத்தில் கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. எனக்குப் பக்கத்து மேஜை. தஞ்சாவூர்க்காரர். தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடுவார். நம்மவர் வீட்டு பஜனையில் அவர் ஆரம்பித்தால், சுண்டல் வருகிறதா என்று எல்லோரும் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். “வங்காளியக் கூட வச்சுண்டு பாடறீரே, இது பஜனையா, ஜாத்ராக் கூத்தா ஓய்?” என்று ஒருவர் நேரிலேயே கேட்டார்.

அந்த வங்காளி நிபாரண் பாபு. சுங்க ஆபீஸ்காரர். வில் போட்டு இழைக்கும் எஸ்ராஜ் வாசிப்பார். ராமநாதன் மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் அந்த எஸ்ராஜ் பாடும். முதல் நாள், பைரவி என்று பேசிக்கொண்டு இருவரும் தொடங்கினார்கள். நம் பைரவி வேறு, அவர்கள் பைரவி வேறு. அவர்களுடையது நம் தோடிக்குக் கிட்டத்தில் வரும். இரண்டாவது வரியில் ராமநாதன் நிறுத்திவிட்டார். “என்ன மோஷாய், கப்பல் ரெண்டும் முட்டிண்டுடுத்தே!” அன்றிலிருந்து ராகத்தின் பெயரைச் சொல்வதே இல்லை. ஒருவர் முனகுவார், மற்றவர் பிடித்துக்கொள்வார். அப்படிப் பிறந்த பாட்டுகள் முப்பதாவது இருக்கும்.

ராமநாதனுக்கு ஒரு வருத்தம் உண்டு. பாட்டுக் கட்டியவர் தம் பெயரைக் கடைசிச் சரணத்தில் முத்திரையாக வைப்பார் அல்லவா? ஊரில் ஒரு பாகவதர் ராமநாதன் பாட்டு ஒன்றில் அந்தச் சரணத்தை மட்டும் எடுத்துவிட்டு, தம் பெயரோடு வேறு சரணம் கட்டிப் பாடிக்கொண்டிருந்தார். செய்தி வந்தபோது ராமநாதனுக்கு இருமலில் ரத்தம் வரத் தொடங்கியிருந்தது.

“அந்தப் பாட்டைத் தட்டுல ஏத்திட்டா எவனாலயும் மாத்த முடியாது ஓய். நான் போனாலும் பேர் நிக்கும்” என்றார்.

நிபாரண் பாபு அலைந்து ஒரு கிராமபோன் கம்பெனி துரையைப் பிடித்தார். மூன்று நிமிஷத்துக்குள் பாட்டு முடிய வேண்டும். கடிகார விஷயத்தில் எனக்கு ஆபீசில் நல்ல பெயர். ஆகவே நேரம் பார்க்கும் பொறுப்பு எனக்கு. பதினோரு ஒத்திகை பார்த்தோம். இரண்டு நிமிஷம் ஐம்பது வினாடி. பிசகவே இல்லை.

தட்டு கடல் தாண்டிப் போய்த் தயாராகும். பாடியது யார் என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிவதற்காக, பாட்டு முடிந்ததும் பாடகர் தம் பெயரை உரக்கச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். ராமநாதன் மறுத்துவிட்டார்.

“பேரைக் கூவறதுக்கு நான் என்ன ஏலமா போடறேன்? அதான் சரணத்துல இருக்கே.”

“போலுன், தாதா! ஏக் பார் போலுன்!” ஒரு தடவை சொல்லிவிடுங்கள் அண்ணா என்று நிபாரண் பாபு கெஞ்சினார். நான் ராமநாதன் கட்சி. பத்து வினாடி மிச்சமிருக்கிறது, கவலை வேண்டாம் என்றேன்.

பதிவு நாளன்று பாடத் தொடங்குமுன் நிபாரண் பாபு எஸ்ராஜில் ராகத்தை ஒரு சுற்று இழைத்தார். ஒத்திகையிலும் தினமும் அப்படித்தான் செய்தார். ஆனால் நான் ராமநாதன் வாய் திறந்த கணத்திலிருந்துதான் கடிகாரத்தைப் பார்த்து வந்தேன். எஸ்ராஜை நான் பாட்டில் சேர்க்கவே இல்லை. சுண்டலுக்கு எட்டிப் பார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

கடைசிச் சரணத்துக்கு அவர் மூச்சை இழுத்தபோது துரை கையை உயர்த்தினார். பாட்டைப் பதியும் மெழுகுத் தட்டில் இடம் தீர்ந்துவிட்டது. இன்னொரு தடவை என்று கேட்டோம். ராமநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவதைத் துரை பார்த்தார். வெளியே காத்திருந்த அடுத்த பாடகரை உள்ளே கூப்பிட்டார்.

எட்டு மாதம் கழித்துத் தட்டு வந்தது. நடுக் காகிதத்தில் ‘மதராஸிப் பாட்டு, ஆண் குரல்’ என்று மட்டும் அச்சடித்திருந்தது. ராமநாதன் அப்போது படுக்கையில். பக்கத்திலேயே வைத்துத் தட்டைப் போட்டோம். பாட்டு நின்று ஊசி வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. நிபாரண் பாபு முகத்தை மூடிக்கொண்டார். ராமநாதன் என் பக்கம் திரும்பி, “உம்ம கடிகாரத்துக்குக் காது கிடையாதுங்காணும்” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

நிபாரண் பாபுவும் போய்ச் சேர்ந்தார். பாட்டுகளை அவர் வங்காள எழுத்தில் குறித்து வைத்திருந்த நோட்டு என்னவாயிற்றென்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சென்ற நவராத்திரியில், தஞ்சாவூரிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு பெண் அந்தப் பாட்டைப் பாடினாள், பாகவதர் பெயரோடு. “இது ராமநாதன் பாட்டும்மா” என்றேன்.

“அப்படியா மாமா? அவர் கட்டின சரணம் எப்படி? சொல்லுங்கோ, அதையே பாடிடறேன்.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து அந்த வருஷத்து டயரியைப் புரட்டினேன். பதினோரு ஒத்திகையும் இருந்தன. ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், வினாடி சுத்தமாக. அந்தச் சரணத்தில் ஒரு வார்த்தைகூட நான் எழுதி வைத்திருக்கவில்லை.