தறித் துணியால் துடைத்த கண்

ஊர் ஊராகச் சுற்றிய நான், ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் வேலைக்கு நின்றபோது, மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள். அவளுடைய இடது கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தது, பீளை ஒட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணிதானே என்று தறியில் கழித்துப் போட்ட துண்டுகளால் துடைத்து வந்தேன். மூக்கோரம் சிவந்து வீங்கியதும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தூக்கி ஓடினோம்.

“கொறமாசப் புள்ளைகளுக்குக் கண்ணீர்ப் பாதை அடைக்க வாய்ப்பு அதிகம். நீர் வடிஞ்சதுமே வந்திருக்கணும். அந்த எடத்துல சுத்தம் பண்ணாத தறித் துணிய வச்சுத் தேச்சிருக்கீங்க, சீழ் கட்டிருச்சு,” என்றார் டாக்டர்.

“ஊரு பூரா சுத்துனீயளே, ஆஸ்பத்திரிக்கு மட்டும் வழி தெரியலையாக்கும்,” என்றாள் மனைவி.

கட்டியைக் கீறினார்கள். கண் பிழைத்தது, முகத்தில் தழும்பு நின்றுவிட்டது. இப்போது தறியில் யாராவது பிள்ளைக்கென்று கழிவுத் துண்டை மடியில் செருகினால், வீட்டுக்கு அழைத்து வந்து மகள் முகத்தைக் காட்டுகிறேன்.