ஐயனார் துப்பாக்கிக்கு ஆரோக்கியம்மாள் எடுத்த கல்

ஆரோக்கியம்மாள் அக்கா வீட்டு வாசலில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது. அதன் நடுவயிற்றில் இப்போது என் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டை விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும் நான் அந்த டிரம்மை மறைத்துக்கொண்டு நின்று செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் தையல் மெஷினில் நூல் கோக்க முடியாமல் எழுந்து போய்விடுகிறேன். ஆனாலும் நான் சொல்ல வந்தது என் உயிர் தப்பிய கதை இல்லை. அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தபோது, இதுவா பெரிது என்று ஆகிவிட்டது.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கம். நானும் ஆரோக்கியம்மாள் அக்காவும் அடுத்தடுத்த வீடு. நான் ஜாக்கெட் தைக்கிறேன், அவர் கல் குவாரியில் ஜல்லி உடைக்கிறார். அக்கா பிறந்தது அறந்தாங்கிப் பக்கம், வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். குவாரியில் டிரில்லிங் மெஷின் பிடித்த எங்கள் ஊர் மதுரைவீரனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்துச் சாபத்தையும் வாங்கிக்கொண்டு இங்கே வந்தவர். பிள்ளை இல்லை. அவர் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, "இன்னும் அங்க என்ன இருக்கு ஒனக்கு, கெளம்பி வா" என்று அண்ணன்காரர் வருஷா வருஷம் ஆள் அனுப்புவார். அக்கா போகமாட்டார். கேட்டால், "ஐயனாருக்குக் கல்லு யாரு எடுப்பா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் முழங்கால் போடுகிற பெண் சொல்கிற காரணத்தைப் பாருங்கள்!

ஆனால் அது வெறும் பேச்சு இல்லை. வைகாசியில் எங்கள் ஊரில் ஐயனாருக்குப் புரவி எடுப்பு நடக்கும். வேளார் வீட்டில் செய்து வண்ணம் பூசிய மண்குதிரைகளுக்கு மாலை போட்டுச் சூடம் காட்டியதும், ஊர்த் துப்பாக்கி ஒரு முறை வெடிக்க வேண்டும். வெடித்தால்தான் குதிரைக்குத் தோள் கொடுப்பார்கள். அது எந்தக் காலத்துத் துப்பாக்கியோ தெரியாது. தோட்டா கிடையாது. குழாயில் வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்துக் கோலால் கெட்டிக்க வேண்டும். விசையை இழுத்தால், சுத்தியலின் வாயில் கவ்விக்கொண்டிருக்கும் சக்கிமுக்கிக் கல் போய் இரும்புத் தகட்டில் மோதும். பொறி கீழே மருந்து தூவியிருக்கிற சின்னக் கிண்ணியில் விழும். அங்கிருந்து ஓர் ஊசித் துளை வழியாக நெருப்பு குழாய்க்குள் போகும். ஆக, கல் சரியில்லை என்றால் எல்லாம் போச்சு.

அந்தக் கல்லை முதலில் எடுத்துக் கொடுத்தது மதுரைவீரன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. பொறுக்கியதெல்லாம் அக்காதான். குவாரிக் கருங்கல் இதற்கு ஆகாது. வெள்ளாற்று மணலில் கிடக்கிற தேன் நிறக் கற்களைத்தான் தேடுவார். எடுத்துத் தட்டிப் பார்ப்பார், சத்தம் பிசிறினால் எறிந்துவிடுவார். வெயிலில் தூக்கிப் பிடித்து உள்ளே கீறல் ஓடுகிறதா என்று பார்ப்பார். உடைத்தால் விளிம்பு கத்தி மாதிரி விழ வேண்டும், மாவாக உதிரக் கூடாது. பிறகு குவாரி உளியின் முதுகில் ஓங்கி ஒரு உரசல். சிவப்பாகப் பறந்து காற்றிலேயே அணைகிற பொறி என்றால் அந்தக் கல் வேண்டாம். வெள்ளையாக இறங்கி, கீழே வைத்திருக்கிற பஞ்சைக் கருக்க வேண்டும். "தரையத் தொடுற வரைக்கும் உசுரு இருக்கணும்டி" என்பார். கடைசியில் அந்தத் துப்பாக்கியிலேயே மாட்டி, மருந்து இல்லாமல் இழுத்துப் பார்த்தபிறகுதான் கொடுப்பார்.

இதற்குக் கூலி இல்லை. கிடா வெட்டிப் பங்கு பிரிக்கும்போது பங்காளி வீடுகளுக்குப் போகிற மாதிரி அவர் வீட்டுக்கும் ஒரு பங்கு கறி வரும். அவ்வளவுதான். அந்தக் கறித் தூக்குச்சட்டி வருகிற அன்றைக்கு அக்கா வாசலைக் கூட்டிக் கோலம் போட்டுக் காத்திருப்பார். இந்த ஊரில் தனக்கும் ஒரு பாத்தியதை இருக்கிறது என்பதற்கு அவருக்கு வேறு சாட்சி இல்லை.

போன வருஷம் துப்பாக்கி வெடிக்கவில்லை. திருமுருகன் அண்ணன் இழுத்து இழுத்துப் பார்த்தார். லைசென்ஸ் அவர் பேரில், சுடுவதும் அவர்தான். டொக்கு டொக்கென்று சத்தம் வந்ததே தவிர நெருப்பு வரவில்லை. கடைசியில் சரவெடியைக் கொளுத்திக் குதிரையைத் தூக்கினார்கள். பாதி வழியில் ஒரு குதிரையின் காது உடைந்து விழுந்தது. போதாதா? வேதக்காரி கல்லு, அதான் ஐயனாருக்கு ஆகல என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. பங்குக் கறி வரவில்லை. ரேஷன் கடை வரிசையில் அக்கா போய் நின்றால் முன்னால் நிற்கிறவள் இரண்டடி தள்ளி நிற்பாள். நான் இரண்டு பேரிடம் சண்டைக்கே போனேன். அக்காவோ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெள்ளாற்றுக்குப் போவார். அந்த வருஷம் முழுக்கப் போனார். "இந்தத் தடவ மொத இழுப்புல வெடிக்கணும் சரண்யா. இல்லேன்னா நான் இந்த ஊர்ல இருந்து பிரயோசனமில்ல" என்றார்.

இந்த வருஷம் தேர்தல் வந்ததால் லைசென்ஸ் துப்பாக்கியையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஓட்டு எண்ணி முடித்து, அது திரும்பி வந்த கையோடு திருமுருகன் அண்ணன் அதை வேட்டியில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். முற்பகல் நேரம். நானும் கையில் தைத்துக்கொண்டிருந்த துணியோடு போய் உட்கார்ந்தேன்.

அக்கா தரையில் சம்மணமிட்டுத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். ஐயனார் துப்பாக்கியின் வாய் கிழக்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும், மண்ணைப் பார்க்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். கிழக்கே அவர் வீட்டு வாசல்தான். போன வருஷத்துக் கல்லைக் கழற்றச் சுத்தியலின் திருகைத் தளர்த்தினார். கல் கையில் விழுந்தது. பால் வெள்ளையாக இருந்தது.

"அண்ணே, இது என் கல்லு இல்லையே?"

திருமுருகன் அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அது வந்து ஆரோக்கியம்... எம் மச்சான் சொன்னாப்ல. சாமி காரியத்துக்கு வேதக்காரங்க கல்லு எதுக்கு, நம்மளே ஒண்ணு பாத்துக்கலாம்னு. ரூமு கதவச் சாத்திட்டு வெள்ளையா வெங்கச்சங்கல்லு ரெண்ட எடுத்து ஒண்ணோட ஒண்ணு ஒரசிப் பாத்தேன். பளிச்சுன்னு என்னமா வெளிச்சம் வந்துச்சு தெரியுமா?"

"கல்லும் கல்லும் ஒரசுனா வெளிச்சம்தாண்ணே வரும், நெருப்பு வராது. இரும்புல ஒரசிப் பாக்கணும்" என்றார் அக்கா, கல்லைப் புரட்டிக்கொண்டே.

ஒரு வருஷம்! இந்த மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "ஊரே இந்த அக்காவக் கரிச்சுக் கொட்டுச்சே, அப்பல்லாம் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

"திருவிழா முடியட்டும் சரண்யா, நானே ஊருக்குச் சொல்லிப்புடுறேன்" என்றார் அவர்.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, "அப்ப என் கல்லு தப்புப் பண்ணல" என்று சிரித்தார். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அந்த வெள்ளைக் கல்லை எடுத்து என் துணிக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

"கொழாய் காலியாத்தானே இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"காலிதான். போன வருசமே எடுத்தாச்சு."

அக்கா வைத்திருந்த கற்களில் ஒன்றைப் பழைய செருப்புத் தோலில் பொதிந்து சுத்தியலில் மாட்டி இழுத்தார். கொஞ்சம் பொறி. திருப்தி இல்லை, கழற்றினார். அடுத்ததில் இன்னும் கொஞ்சம். அதையும் கழற்றினார். கடைசியாகத் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கல்லை எடுத்தார். நல்ல கருந்தேன் நிறம். அந்த வருஷம் முழுக்க ஆற்றில் தேடியதில் அவர் மனசுக்குப் பிடித்த கல் அது ஒன்றுதான். அவர் அதை மாட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தாகமெடுத்து வாசலுக்கு வந்து டிரம்மில் தண்ணீர் மொண்டு குடித்தேன். என் வீட்டில் செல்போன் அடித்தது. செம்பை வைத்துவிட்டு ஓடினேன்.

என் வாசற்படியில் கால் வைத்தேன். அக்கா வீடு வெடித்தது.

சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. நெஞ்சில் யாரோ உதைத்த மாதிரி இருந்தது. ஓடு உதிர்ந்து விழுந்தது. திரும்பினால், வாசல் வழியாகப் புகை வருகிறது. டிரம்மிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. நான் நின்ற இடத்தில் நார் புகைந்துகொண்டு கிடக்கிறது. உள்ளே போனபோது திருமுருகன் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்கா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பொறி எங்கே விழுகிறது என்று முகத்தைக் குனிந்து பார்த்திருக்கிறார். ஒரு பக்கப் புருவம் கருகிப் போயிருந்தது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கோடாக இறங்கியது.

கிண்ணியில் மருந்தே இல்லை. ஆனாலும் அந்தக் கல் போட்ட பொறி ஊசித் துளை வழியாக உள்ளே போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, போன வருஷத்து மருந்து குழாய்க்குள் கெட்டித்தபடி அப்படியே இருந்திருக்கிறது. சூடம் காட்டிய மருந்து ஐயனாருக்குச் சொந்தம், கோலை விட்டுச் சுரண்டி எடுக்கக் கூடாது, வெடித்துத்தான் தீர்க்க வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். வெள்ளைக் கல்லால் வெடிக்க முடியவில்லை. அக்கா கல்லை மாட்டி வெடித்தால் குட்டு உடையும். அதனால் மனுஷன் அப்படியே பரணில் போட்டுவிட்டு, சாமிகிட்ட உத்தரவு கேட்டு எடுத்தாச்சு என்று ஊரெல்லாம் சொல்லி, பிறகு தானே மறந்துவிட்டாராம். மறந்துவிட்டாராம்! கெட்டித்த துப்பாக்கி தேர்தல் முடிகிறவரை ஸ்டேஷன் மூலையில் சாய்ந்து கிடந்திருக்கிறது.

சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது. என்ன ஆச்சு, எப்படி வெடிச்சுச்சு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். திருமுருகன் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். இப்போதாவது சொல்வார் என்று பார்த்தேன். "என்ன கல்லுன்னே தெரியலப்பா. வச்ச ஒடனே வெடிச்சிருச்சு" என்றார்.

கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "வெடிக்க வேண்டிய எடத்துல வெடிக்கல. வெடிக்கக் கூடாத எடத்துல வெடிக்குது. இந்தம்மா சகவாசமே நமக்கு வேணாம்."

நான் துணி முடிச்சை அவிழ்த்து வெள்ளைக் கல்லைத் தூக்கிக் காட்டி எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். எல்லோரும் கேட்டார்கள். ஒருத்தர்கூட இல்லை என்று சொல்லவில்லை. "சரி விடு, திருவிழா நேரத்துல கிளறாத. போலீசு கேசுன்னு போனா தெருவே நாறிப்போகும்" என்றார்கள். அதுவரைக்கும் அவர்கள் தெரியாமல் பழி போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். தெரிந்துகொண்டும் போடுகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அக்கா எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் காதில் ஒன்றும் விழவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. "மொத இழுப்பு! பாத்தீங்களா? மொத இழுப்பு!" என்று அந்த ரத்தத்தோடு உரக்கச் சொன்னார்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில், இரண்டு பக்கச் செவிப்பறையும் கிழிந்துவிட்டது, ஒரு காது கொஞ்சம் தேறலாம் என்றார்கள். இன்றுவரை தேறவில்லை. அக்கா வீடு திரும்பிய மறுநாள் திருமுருகன் அண்ணன் வெற்றிலை பாக்கோடு வந்து, கல்லுக்காகக் குனிந்து கையேந்தினார். அக்கா அந்தத் தேன் நிறக் கல்லைக் கைக்குட்டையில் வைத்து அவரிடம் கொடுத்தார். சரி, கடைசியில் புத்தி வந்ததே என்று நானும் மடச்சி மாதிரி நம்பினேன்.

திருவிழா அன்றைக்கு வேளார் வீட்டுத் தெருமுனையில் நானும் அக்காவும் நின்றோம். அக்கா வழக்கமாக நிற்கிற இடம் அது. கூட்டத்துக்கு மேலே குதிரைகளின் தலைமட்டும் தெரியும். சூடம் ஏற்றியது தெரிந்தது. நான் எட்டிப் பார்த்தேன். திருமுருகன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறார். துப்பாக்கியையே காணோம். யாரோ சரவெடிக்கு நெருப்பு வைத்தார்கள். படபடவென்று வெடித்தது, புகை மேலே எழுந்தது, பெண்கள் குலவை போட்டார்கள், குதிரைகள் தோளுக்கு ஏறின. அட பாவிகளா, கல்லை வாங்கிக்கொண்டு போனது அக்கா வாயை அடைக்கத்தானா?

அக்கா என் கையைப் பிடித்தார். "மொத இழுப்பா?" என்று கேட்டார்.

அவர் முகத்தைப் பார்த்து என்னால் வேறு என்ன செய்ய முடியும்? ஒரு விரலைக் காட்டித் தலையை ஆட்டினேன்.

அக்கா என்னையே பார்த்தார். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்: "ஏன்டி பொய் சொல்ற? துப்பாக்கின்னா பொகை குப்புன்னு ஒரே மூச்சுல வரும். இது விட்டு விட்டு வருது. காலுல அதிரவே இல்ல." பிறகு என் கையை விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகத் திருமுருகன் அண்ணன் முன்னால் போய் நின்றார். "என் கல்ல எங்க போட்டீங்க?"

குலவை நின்றுபோனது. அந்த மனுஷன் பேச வாயெடுத்து, பேசினாலும் இவருக்குக் கேட்காது என்று நினைவு வந்து, கையை நீட்டிப் பக்கத்துக் கண்மாயைக் காட்டினார்.

அக்கா செருப்பைக் கழற்றிக் கரையில் போட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காய்ந்து கிடந்த கண்மாய்க்குள் இறங்கி, குனிந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பூசாரி போங்கப்பா, போங்கப்பா என்று விரட்டியும், குதிரை தூக்கியவர்கள் நகராமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.